தோல் புற்றுநோயின் சாரதி விகாரங்கள்: மரபணுத் தேடல் மலையகத்தவருக்குச் சொல்வது என்ன?

தோல் புற்றுநோய்க்குக் காரணமான மரபணு கண்டுபிடிக்கப்பட்டதாக அவ்வப்போது செய்திகள் வருகின்றன. அவற்றை வாசிப்பவர்களிடமிருந்து பெரும்பாலும் மூன்று கேள்விகள் எழுகின்றன. மரபணு என்றால் இது பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வரும் நோயா? வெள்ளைத் தோலினருக்கு வரும் நோயைப் பற்றி நாங்கள் ஏன் கவலைப்பட வேண்டும்? மரபணுச் சோதனை செய்துகொண்டால் அதற்குரிய மருந்து கிடைத்துவிடுமா?

மூன்றுக்கும் ஒற்றைச் சொல்லில் விடை கூற இயலாது. "மரபணு மாற்றம்" என்ற தொடர் ஒன்றுக்கொன்று வேறான இரண்டு பொருள்களில் வழங்குவதும், "தோல் புற்றுநோய்" என்ற ஒரே பெயருக்குள் தன்மையில் மிகவும் வேறுபட்ட பல நோய்கள் அடங்கியிருப்பதும் குழப்பத்தின் வேர்கள். நுவரெலியா, ஹட்டன், பதுளை, பண்டாரவளைப் பக்கத்து வாசகர்கள் இந்த வேறுபாடுகளைத் தெளிவாக அறிந்திருப்பது அவசியம். உலகின் ஆய்வுகூடங்கள் மிகுதியாக ஆராய்ந்த வடிவம் ஒன்று. கருமை நிறத் தோலுடைய மக்களிடையே ஒப்பீட்டளவில் முன்னிற்கும் வடிவம் இன்னொன்று.

எந்தத் தோல் புற்றுநோய்?

தோலின் மேற்படையில் உள்ள கலங்களில் மிகப் பெரும்பாலானவை கெரற்றின் என்ற புரதத்தை ஆக்குபவை. அவற்றில் தோன்றும் புற்றுகள் உலகெங்கும் பரவலாகக் காணப்பட்டாலும், பொதுவாகத் தோன்றிய இடத்திலேயே மெதுவாக வளர்பவை. காலத்தோடு வெட்டி அகற்றினால் பெரும்பாலானோர் குணமடைவர். இக்கட்டுரையின் பொருள் அவையல்ல.

மேற்றோலின் அடிவரிசையில், அக்கலங்களுக்கு இடையிடையே, நிறமிக்கலங்கள் அமைந்துள்ளன. தோலுக்கு நிறம் தரும் மெலனினை ஆக்கி அயலிலுள்ள கலங்களுக்கு வழங்குவது இவற்றின் பணி. இவற்றிலிருந்து தோன்றும் புற்றுக்கு மெலனோமா என்று பெயர். கரு வளரும்போது முதுகுப்பக்கத்து நரம்பு முகட்டிலிருந்து புறப்பட்டு, உடல் முழுவதும் இடம்பெயர்ந்து தோலை வந்தடைந்த கலங்கள் இவை. மெலனோமா விரைவாக உடலின் பிற பகுதிகளுக்குப் பரவுவதற்கு அந்தப் பழைய இயல்பும் ஒரு காரணம் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

மெலனோமாவின் அபாயத்தை அளப்பதற்கு அதன் அகலத்தைவிட ஆழமே முக்கியம் என்பதை 1970இல் அலெக்சாண்டர் பிரெஸ்லோ என்ற நோயியலாளர் எடுத்துக்காட்டினார். ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த தடிப்பில் அகற்றப்பட்டவர்களில் மிகப் பெரும்பாலானோர் குணமடைகின்றனர். ஆழம் கூடக்கூட நிணநீர்க்கணுக்களுக்கும், பின்னர் நுரையீரல், ஈரல், மூளை முதலிய உறுப்புகளுக்கும் அது பரவும் வாய்ப்புக் கூடுகிறது. சத்திரசிகிச்சையால் முழுமையாக அகற்ற இயலாதபடி பரவிவிட்ட நிலையே "முற்றிய நிலை" எனப்படுகிறது. 2010ஆம் ஆண்டு வரை இந்நிலையை அடைந்தவர்களில் பாதிப்பேர் ஓராண்டைக்கூடத் தாண்டவில்லை. அந்த நிலைமையை மாற்றிய இரண்டு வழிகளில் ஒன்று மரபணுத் தேடலிலிருந்து பிறந்தது.

விகாரம்: பிறப்பில் வருவதும் பின்னர் நேர்வதும்

ஒவ்வொரு கலத்தின் கருவுக்குள்ளும் டி.என்.ஏ. என்ற நீண்ட மூலக்கூறு உள்ளது. அடினின், தைமின், குவானின், சைற்றோசின் என்னும் நான்கு மூலங்களே அதன் எழுத்துகள். மனிதரின் முழு மரபணுத்தொகையில் இத்தகைய எழுத்துகள் ஏறத்தாழ 300 கோடி. அவற்றுள் புரதம் ஒன்றை ஆக்குவதற்குரிய கட்டளையைத் தாங்கிய பகுதி மரபணு. பாடசாலை நூல்களில் இதுவே பரம்பரையலகு எனப்படுகிறது. இத்தகைய மரபணுக்கள் சுமார் 20,000 உள்ளன. எழுத்துகளில் ஒன்று மாறினாலும், ஒரு பகுதி அழிந்தாலும், ஒரு பகுதி பல பிரதிகளாகப் பெருகினாலும் அது விகாரம்.

விகாரம் இரு வகைப்படும். தாய் அல்லது தந்தையின் இனப்பெருக்கக் கலத்தின் ஊடாக வருவது உடலின் எல்லாக் கலங்களிலும் இருக்கும், பிள்ளைகளுக்கும் செல்லக்கூடும். பிறந்த பின்னர், உடலின் ஏதோ ஓர் இடத்தில், ஒரே ஒரு கலத்தில் நேர்வது அந்தக் கலத்திலும் அதன் வழித்தோன்றல்களிலும் மட்டுமே இருக்கும். அது பிள்ளைகளுக்குச் செல்லாது. மெலனோமாவில் மருந்தைத் தீர்மானிப்பதற்காகத் தேடப்படுபவை பெரும்பாலும் இந்த இரண்டாம் வகையே. எனவே ஒருவருடைய கட்டியில் விகாரம் காணப்பட்டதாக வைத்தியர் கூறினால், அது அவருடைய பிள்ளைகளைப் பற்றிய செய்தியன்று. இதை ஒருமுறைக்கு இருமுறை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏனெனில் "பரம்பரை வியாதி" என்ற பெயர் ஒரு வீட்டின் மீது விழுந்துவிட்டால், அந்த வீட்டுப் பெண்பிள்ளைகளின் திருமணப் பேச்சுவரை அது தொடர்கிறது.

பரம்பரையாக வரும் மெலனோமாவும் இல்லாமலில்லை. 1994இல் அடையாளங் காணப்பட்ட சி.டி.கே.என்.2.ஏ. என்ற மரபணுவில் பிறவி விகாரம் உள்ள குடும்பங்களில் பலருக்கு இந்நோய் தோன்றுகிறது. ஆனால் அத்தகைய குடும்பங்கள் மிகச் சில. நெருங்கிய உறவினர் பலருக்கு மெலனோமா வந்திருந்தால் மட்டுமே அந்தச் சோதனையைப் பற்றிப் பேசுவதில் பொருளுண்டு.

சாரதியும் பயணிகளும்

2010இல் ஒரு மெலனோமா நோயாளியின் கட்டியிலிருந்து வளர்க்கப்பட்ட கலங்களின் முழு மரபணுத்தொகையும் முதன்முறையாக வாசிக்கப்பட்டபோது, அதில் 33,000க்கும் அதிகமான எழுத்து மாற்றங்கள் காணப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே பாங்கில் அமைந்திருந்தன: சைற்றோசின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின். சூரிய ஒளியின் கழியூதாக் கதிர், டி.என்.ஏ.யில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு மூலங்களைப் பிணைத்துவிடுகிறது. அந்தப் பிணைப்பைக் கலம் சரியாகச் சீர்செய்யத் தவறும்போது இந்த வகை எழுத்துப்பிழை நிலைத்துவிடுகிறது. வெயில் டி.என்.ஏ.யில் விட்டுச்சென்ற கைரேகை என்று இதைச் சொல்லலாம்.

இந்த 33,000 மாற்றங்களில் புற்றை உண்டாக்கியவை எவை? ஹட்டனிலிருந்து நுவரெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் எத்தனை பேர் நெருக்கியடித்து நின்றாலும் வண்டியைச் செலுத்துபவர் சாரதி ஒருவரே. கலத்தின் கட்டுப்பாடற்ற வளர்ச்சிக்குக் காரணமான மாற்றங்கள் சாரதி விகாரங்கள். அவற்றோடு உடன்வந்து, வளர்ச்சிக்கு எதுவும் செய்யாமல் இருப்பவை பயணி விகாரங்கள். மெலனோமாவின் மரபணுத் தேடல் முழுவதும், ஆயிரக்கணக்கான பயணிகளுக்கிடையே சில சாரதிகளை இனங்காணும் முயற்சியே. அதற்கு ஆய்வாளர்கள் பின்பற்றும் தர்க்கம் இவ்வாறு செல்கிறது:

1. ஒரே நோயாளியின் கட்டியையும் அவருடைய இரத்தத்தையும் தனித்தனியே வாசித்து ஒப்பிடுகின்றனர். இரண்டிலும் உள்ளவை பிறவியிலேயே வந்தவை. கட்டியில் மட்டும் உள்ளவை பின்னர் நேர்ந்தவை.

2. பல நூறு நோயாளிகளின் கட்டிகளில் மீண்டும் மீண்டும் மாறியிருக்கும் மரபணு எது எனப் பார்க்கின்றனர். இங்கே எண்ணிக்கை ஏமாற்றக்கூடியது. தசைக்குரிய டைற்றின் என்ற மாபெரும் புரதத்தின் மரபணு, மெலனோமாக்களில் மிக அடிக்கடி மாறியிருக்கும். ஆயினும் அது சாரதியல்ல. மிக நீளமான மரபணு என்பதால், கண்டபடி விழும் பிழைகள் அதில் அதிகமாக விழுகின்றன, அவ்வளவே. ஆகவே ஒரு மரபணுவின் நீளம், வெயிலால் பாதிக்கப்படக்கூடிய எழுத்துகள் அதில் எத்தனை, அது குறித்த கலத்தில் இயங்குகிறதா என்பவற்றைக் கொண்டு தற்செயலாக எத்தனை பிழைகள் எதிர்பார்க்கப்படும் எனக் கணித்து, அதற்கு மேற்பட்டிருந்தால் மட்டுமே சந்தேகிக்கின்றனர்.

3. பிழைகள் விழுந்திருக்கும் கோலத்தைப் பார்க்கின்றனர். வளர்ச்சியை முடுக்கும் மரபணுவில் பல நோயாளிகளிடமும் அதே ஓரிடத்தில் விகாரம் இருக்கும். ஏனெனில் புரதத்தை ஓயாது இயங்கவைக்கும் மாற்றங்கள் மிகச் சிலவே. வளர்ச்சியை அடக்கும் மரபணுவிலோ பிழைகள் எங்கும் சிதறிக் கிடக்கும். ஒன்றைக் கெடுப்பதற்கு ஆயிரம் வழிகள் உண்டு.

4. இறுதியாக, சந்தேகத்துக்குரிய விகாரத்தைக் கலங்களிலோ எலியிலோ வரிக்குதிரை மீனிலோ புகுத்தி, புற்று உண்மையில் வளர்கிறதா எனச் சோதிக்கின்றனர். இந்தப் படியைத் தாண்டாத எதையும் சாரதி என்று உறுதியாகச் சொல்வதற்கில்லை.

ஆனால் "மரபணு கண்டுபிடிக்கப்பட்டது" என்ற செய்திகளில் பல, இரண்டாம் படியிலேயே எழுதப்பட்டுவிடுகின்றன.

பிராஃப்: ஒரு கட்டளைச் சங்கிலியின் கதை

இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் அருகேயுள்ள சாங்கர் நிறுவனத்தின் தலைமையில் நடந்த ஆய்வொன்று 2002இல் வெளியானபோது இத்துறையின் போக்கே மாறியது. பிராஃப் என்ற மரபணுவில், பரிசோதித்த மெலனோமாக்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கில் விகாரம் இருந்தது. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை ஒரே இடத்தில் நேர்ந்தவை. அந்த மரபணு ஆக்கும் புரதத்தின் கட்டுமான அலகுகளான அமினோவமிலங்களுள் 600ஆவதான வலைன், குளுத்தாமிக் அமிலமாக மாறியிருந்தது. பின்வந்த பெரிய ஆய்வுகளின்படி, தோல் மெலனோமாக்களில் சுமார் பாதியில் பிராஃப் விகாரம் உள்ளது.

ஒரே ஓர் அமினோவமில மாற்றம் எப்படி ஒரு கலத்தின் போக்கையே மாற்றுகிறது என்பதற்குத் தோட்டத்துக் கட்டளைமுறையை நினைத்துப் பார்க்கலாம். துரையின் பங்களாவிலிருந்து புறப்படும் உத்தரவு கண்டக்டருக்கு வந்து, கணக்கப்பிள்ளைக்குப் போய், கங்காணி வழியாக மலையில் நிற்கும் தொழிலாளரை அடைகிறது. கலத்திலும் இத்தகைய சங்கிலி ஒன்று உண்டு. வெளியிலிருந்து வரும் வளர்ச்சிச் சைகையைக் கலமென்சவ்வில் உள்ள கிட் போன்ற வாங்கிப் புரதம் பெறுகிறது. அது ராஸ் என்ற புரதத்தைத் தூண்டுகிறது. ராஸ், பிராஃப் அடங்கிய ராஃப் வகையையும், ராஃப் மெக்கையும், மெக் ஏர்க்கையும் தூண்ட, ஏர்க் கருவுக்குள் சென்று "பிரிவடை" என்ற கட்டளையைக் கொடுக்கிறது. சைகை நின்றதும் சங்கிலி முழுவதும் அடங்கிவிட வேண்டும். விகாரமுற்ற பிராஃபோ, மேலிருந்து உத்தரவே வராதபோதும் இரவும் பகலும் ஆளை மலைக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் கணக்கப்பிள்ளையைப் போன்றது.

இதே சங்கிலியின் பிற கண்ணிகளும் கெடலாம். மெலனோமாக்களில் நான்கில் ஒரு பங்குக்குக் கிட்ட, ராஸ் வகைகளுள் ஒன்றான என்-ராஸில் விகாரம் உண்டு. வேலை முடிந்ததும் ராஸை அடக்குகின்ற என்.எஃப்.1 என்ற மரபணு இன்னும் சிலவற்றில் செயலிழந்திருக்கும். 2015இல் வெளியான அமெரிக்கப் புற்றுநோய் மரபணுத்தொகை வரைபடத் திட்டத்தின் ஆய்வு, 333 தோல் மெலனோமாக்களை ஆராய்ந்து, பிராஃப் வகை, ராஸ் வகை, என்.எஃப்.1 வகை, மூன்றும் மாறாத வகை என நான்காகப் பிரித்தது. ஆய்வாளர்கள் இன்றும் பயன்படுத்தும் வகைப்பாடு இது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. பிராஃபின் அந்தப் பிரபலமான விகாரம் தைமின் இருந்த இடத்தில் அடினின் வருவது. வெயிலின் கைரேகையான சைற்றோசின்–தைமின் மாற்றம் அல்ல. வெயில் மெலனோமாவுக்குக் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் முதன்மைச் சாரதியின் பிழையை நேரடியாக வெயிலே எழுதியது என்று சொல்லிவிட முடியாது.

மச்சங்கள் ஏன் புற்றாவதில்லை?

உடலில் இருக்கும் சாதாரண மச்சங்களை ஆராய்ந்தபோது, அவற்றிலும் மிகப் பெரும்பான்மையில் அதே பிராஃப் விகாரம் இருப்பது 2003இல் தெரியவந்தது. ஒரு நிறமிக்கலம் அந்த விகாரத்தைப் பெற்றதும் சிறிது காலம் பெருகுகிறது. பின்னர் சி.டி.கே.என்.2.ஏ. ஆக்கும் பி16 உள்ளிட்ட தடுப்புப் புரதங்கள் கலப்பிரிவை நிறுத்திவிடுகின்றன. அவ்வாறு நின்றுபோன கலத்திரளே மச்சம். ஆயுள் முழுவதும் அது அப்படியே கிடக்கும்.

எனவே சாரதி ஒருவர் போதாது. தடுப்பு முறிய வேண்டும். கலம் முடிவின்றிப் பிரிவதற்கு வழி திறக்க வேண்டும். இரண்டாவதற்கான சாவி 2013இல் எதிர்பாராத இடத்தில் கிடைத்தது. டி.என்.ஏ. சுருண்டு அமைந்திருக்கும் நிறமூர்த்தங்களின் நுனிகள் ஒவ்வொரு கலப்பிரிவிலும் குறுகிக்கொண்டே வருகின்றன. அவற்றை மீண்டும் நீட்டும் நொதியத்தின் மரபணு டெர்ட். விகாரம் அந்த மரபணுவுக்குள் இருக்கவில்லை. அதை இயக்கவும் நிறுத்தவும் செய்கின்ற, அதற்கு முன்னால் அமைந்த பகுதியில் இருந்தது. புரதம் ஆக்கும் பகுதிகளை மட்டுமே வாசித்துவந்த அதுவரையிலான ஆய்வுகள், பெரும்பாலான மெலனோமாக்களில் காணப்படும் இந்த மாற்றத்தைக் கடந்துபோயிருந்தன. எங்கே தேடுகிறோமோ அங்கே உள்ளதுதான் கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இத்துறையில் இல்லை. அடுத்து வரும் பகுதிக்கும் இதே உண்மை பொருந்துகிறது.

உள்ளங்கால், உள்ளங்கை, நகம்

மெலனின் கழியூதாக் கதிரைத் தடுக்கிறது. எனவே கருமையான தோலில் வெயிலால் வரும் மெலனோமா அரிது. ஆனால் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் தோன்றும் வகை வெயிலைச் சார்ந்ததன்று. அது எல்லா நிறத்தவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது. அதனால் ஆசிய, ஆபிரிக்க மக்களுக்கு வரும் மெலனோமாக்களில் அதன் பங்கு பெரிது. இசைக்கலைஞர் பொப் மார்லி 1981இல், 36ஆவது வயதில் இறந்தது கால்விரலில் தொடங்கிய இவ்வகை மெலனோமாவால்தான்.

முனையுறுப்பு மெலனோமா என்று இதை அழைக்கலாம். இதன் மரபணுக் கோலம் வெயிலில் தோன்றும் மெலனோமாவிலிருந்து பெரிதும் வேறுபடுகிறது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2017இல் 183 மெலனோமாக்களின் முழு மரபணுத்தொகையை வெளியிட்டபோது இந்த வேறுபாடு தெளிவாக வெளிப்பட்டது. முனையுறுப்பு மெலனோமாவில் எழுத்துப்பிழைகள் மிகக் குறைவு. வெயிலின் கைரேகையும் பெரும்பாலும் இல்லை. பதிலாக நிறமூர்த்தங்கள் உடைந்து, இடம்மாறி ஒட்டி, சில துண்டுகள் பல பிரதிகளாகப் பெருகியிருக்கின்றன. ஒரு புத்தகத்தில் எழுத்துப்பிழைகள் மலிந்திருப்பதற்கும், பக்கங்களே கிழிந்து மாறிக் கட்டப்பட்டிருப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

பிராஃப் விகாரம் இவ்வகையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவானோரிடம் மட்டுமே காணப்படுகிறது. மாறாக, கிட் மரபணுவில் விகாரமோ பெருக்கமோ இருப்பது இங்கே அதிகம். 2006இல் அது முதலில் தெரியவந்தது. கலப்பிரிவின் சக்கரத்தைச் சுழற்றும் சைக்கிளின் டி1, சி.டி.கே.4 ஆகிய மரபணுக்களின் பெருக்கமும் காணப்படுகிறது.

2022இல் நியூயோர்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்தோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஆழமான ஒரு கேள்விக்கு விடை தேடியது. ஒரே சாரதி விகாரம் உடலின் எல்லா இடங்களிலும் ஒரே வேலையைச் செய்கிறதா? பிராஃப் விகாரத்தைப் புகுத்திய வரிக்குதிரை மீன்களின் உடலில் புற்று வளர்ந்தது. முனையுறுப்பு மெலனோமாவில் பெருகிக் காணப்படும் சி.ஆர்.கே.எல். முதலிய மரபணுக்களைப் புகுத்தியபோது, மனிதரின் கைகால்களுக்கு ஒப்பான செட்டைகளிலேயே அது முன்னுரிமையோடு வளர்ந்தது. கரு வளர்ச்சிக் காலத்தில் "நீ பாதத்தைச் சேர்ந்தவன்" என்று கலத்துக்கு இடப்பட்ட அடையாளம் பிற்காலத்திலும் அழியாமல் நின்று, எந்தச் சாரதி அங்கே அமர முடியும் என்பதைத் தீர்மானிக்கிறது என்பதே அவர்களது விளக்கம்.

பாதத்தில் அழுத்தம் அதிகம் விழும் பகுதிகளில் இவ்வகை கூடுதலாகத் தோன்றுவதாக யப்பானிய ஆய்வாளர்கள் 2016இல் அறிவித்தனர். கூடையைச் சுமந்து செங்குத்தான மலையில் வெறுங்காலோடு ஏறி இறங்கும் வாழ்க்கைக்கு இதில் ஏதும் தொடர்பு உண்டா என்ற கேள்வி எழுவது இயல்பு. ஆனால் அழுத்தம் ஒரு காரணம் என்பது நிறுவப்படவில்லை. பாதத்தில் அடிபட்டால் புற்று வரும் என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. மலையகப் பாதங்களுக்கு உண்மையான ஆபத்து வேறு விதமானது. அட்டைக்கடித் தழும்பு, ஆணிக்கால், பித்தவெடிப்பு, சேற்றுப்புண், கவ்வாத்து வெட்டும்போது விழுந்த காயம், நகத்தில் கல் விழுந்து கட்டிய இரத்தம் என்று பாதம் பல அடையாளங்களைச் சுமப்பதால், அவற்றிடையே புதிதாகத் தோன்றிப் பரவும் ஒரு கரும்படலம் கவனிக்கப்படாமல் போகிறது. மருந்து பூசியும் ஆறாத புண், ஓரம் ஒழுங்கற்றுப் பரவும் கறுப்பு, ஒரே நகத்தில் தோன்றி அகன்றுகொண்டே போய் நகத்தின் அடித்தோலையும் கறுப்பாக்கும் கோடு ஆகியவை தோட்ட வைத்தியசாலையோடு நின்றுவிடாமல் தோல் வைத்திய நிபுணரிடம் காட்டப்பட வேண்டியவை. சில முனையுறுப்பு மெலனோமாக்கள் கறுப்பே இல்லாமல் சிவந்த சதைபோலவும் தோன்றுகின்றன.

வெயிலைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் ஆயிரம் மீற்றர் ஏறும்போதும் கழியூதாக் கதிரின் செறிவு சுமார் 10 வீதம் கூடுகிறது. நுவரெலியா ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில், மத்திய கோட்டுக்கு அருகில் உள்ளது. குளிர் அந்தக் கதிரைக் குறைப்பதில்லை. மெல்லிய மூடுபனியும் பெரிதாகத் தடுப்பதில்லை. வெண்புள்ளி நோயுள்ளவர்களும் பிறவியிலேயே நிறமி குறைந்தவர்களும் இங்கு தோலை மூடிக்கொள்வது இன்றியமையாதது.

சாரதியைத் தெரிந்தால் மருந்து கிடைக்குமா?

பிராஃப் கண்டறியப்பட்டு 9 ஆண்டுகளில், 2011 ஓகஸ்ட் மாதம், வெமுராஃபெனிப் என்ற மாத்திரை அமெரிக்காவில் அனுமதி பெற்றது. 675 நோயாளிகளிடம் நடந்த ஒப்பீட்டு ஆய்வில், பழைய மருந்தால் 5 வீதத்தினருக்கே கட்டி கணிசமாகச் சுருங்க, இதனால் 48 வீதத்தினருக்குச் சுருங்கியது. ஆனால் பெரும்பாலானோருக்கு அரையாண்டளவில் கட்டி மீண்டும் வளர்ந்தது. கணக்கப்பிள்ளையை நிறுத்திவைத்தால், கங்காணிக்கு உத்தரவு வேறு வழியில் வந்து சேர்கிறது: ராஸில் புதிய விகாரம் தோன்றுகிறது, பிராஃபின் பிரதிகள் பெருகுகின்றன, அல்லது மெக் தானாகவே இயங்கத் தொடங்குகிறது. இதனால் பிராஃபையும் மெக்கையும் ஒருசேரத் தடுக்கும் முறை வந்தது. டப்ராஃபெனிப், டிராமெடினிப் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 34 வீதத்தினர் ஐந்து ஆண்டுகளின் பின்னரும் உயிரோடிருந்தனர் என 2019இல் வெளியான தொகுப்பு காட்டியது.

இரண்டாவது வழி நோயெதிர்ப்புச் சிகிச்சை. புற்றைத் தாக்கவிடாமல் நோயெதிர்ப்புக் கலங்களை நிறுத்திவைக்கும் தடுப்பை விடுவிக்கும் முறை அது. இதற்கு அடித்தளமிட்ட ஜேம்ஸ் அலிசன், தசுக்கு ஹொஞ்சோ ஆகியோர் 2018இல் நோபல் பரிசு பெற்றனர். நிவோலுமாப், இபிலிமுமாப் ஆகிய இரண்டையும் சேர்த்துப் பெற்ற முற்றிய நோயாளிகளில் 43 வீதத்தினர் பத்து ஆண்டுகளின் பின்னரும் உயிரோடிருப்பதாக 2024இல் வெளியானது. பிராஃப் விகாரம் உள்ளவர்களுக்கும் இதை முதலில் கொடுப்பதே பொதுவாக மேலானது என்று பின்னர் தெரியவந்தது. ஆகவே "பிராஃப் இல்லை" என்ற சோதனை முடிவு, வழி அடைபட்டது என்ற பொருளைத் தராது.

முனையுறுப்பு மெலனோமாவுக்கு இவ்விரு வழிகளும் குறைவாகவே உதவுகின்றன என்பதை மறைப்பதற்கில்லை. பிராஃப் அரிது, எழுத்துப்பிழைகள் குறைவாதலால் நோயெதிர்ப்புத் தொகுதி அந்நியமென இனங்காண்பதற்கான அடையாளங்களும் குறைவு. கிட் மரபணுவில் மாற்றம் உள்ளவர்களுக்கு, கிட்டைத் தடுக்கும் இமாட்டினிப் என்ற மருந்தைக் கொடுத்த சீன ஆய்வில், 43 பேரில் 10 பேருக்கே கட்டி கணிசமாகச் சுருங்கியது.

சோதனையறையில் நடப்பது

சோதனை இரத்தத்திலிருந்தே செய்யப்படுவதாகப் பலர் எண்ணுகின்றனர். வழக்கமாகச் சோதிக்கப்படுவது கட்டியிலிருந்து வெட்டியெடுத்த இழையம். அது ஃபோர்மலினில் ஊறவைக்கப்பட்டு, பரஃபின் மெழுகில் பதிக்கப்பட்டு, சிறு கட்டையாக வைத்தியசாலையின் நோயியற் பிரிவில் சேமிக்கப்படுகிறது. முடிவின் நம்பகத்தன்மையைப் பாதிப்பவை பின்வருவன:

1. எடுத்த துண்டில் புற்றுக்கலங்களின் பங்கு மிகக் குறைவாக இருந்தால், விகாரம் இருந்தும் இல்லையென முடிவு வரலாம்.

2. மெலனின், டி.என்.ஏ.யைப் பிரதி பண்ணும் நொதியத்தைத் தடுக்கிறது. மிகக் கறுத்த கட்டிகளில் சோதனை தோல்வியடைவது இதனால்தான், டி.என்.ஏ.யைத் தூய்மைப்படுத்திப் பின்னர் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

3. ஃபோர்மலினில் நீண்டகாலம் கிடந்த டி.என்.ஏ.யில் சைற்றோசின் கெட்டுத் தைமினாக வாசிக்கப்படும். வெயிலின் கைரேகையும் இதே மாற்றம்தான் என்பதால், அனுபவமற்ற வாசிப்பு ஒன்றை மற்றதாகக் கொள்ளக்கூடும்.

4. ஒரு மரபணுவின் ஓரிடத்தை மட்டும் பார்க்கும் மலிவான சோதனையும், பல நூறு மரபணுக்களை ஒருசேர வாசிக்கும் சோதனையும் ஒன்றல்ல. "விகாரம் காணப்படவில்லை" என்ற வரிக்குப் பின்னால், எவை தேடப்பட்டன என்ற கேள்வி எப்போதும் இருக்கிறது. முனையுறுப்பு மெலனோமாவில் பிராஃபை மட்டும் பார்த்து, கிட்டைப் பார்க்காமல் நிறுத்துவது அரைகுறைத் தேடல்.

இவற்றோடு எங்கள் மக்களுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. செலவைக் குறைப்பதற்காகப் பல இடங்களில் இரத்தத்தைச் சேர்த்து வாசிக்காமல் கட்டியை மட்டுமே வாசிக்கின்றனர். அப்போது பிறவி மாறுபாட்டையும் பின்னர் நேர்ந்த விகாரத்தையும் பிரித்தறிய, நலமுள்ள மக்களின் மரபணுத் தரவுத்தளங்களோடு ஒப்பிட வேண்டும். அத்தளங்களில் ஐரோப்பிய வம்சாவளியினரே மிகுதி. 2015இல் நிறைவுற்ற 1000 மரபணுத்தொகைத் திட்டத்தின் 26 சனத்தொகைகளுள் ஒன்றாக, பிரித்தானியாவில் வாழும் இலங்கைத் தமிழர் நூறு பேரளவில் சேர்க்கப்பட்டனர். மொத்தம் 2,504 பேருள் அது ஒரு சிறு பங்கு. எங்களிடையே சாதாரணமாக உள்ள ஒரு மாறுபாடு தளத்தில் இல்லாதபோது, அது புற்றின் விகாரமாகத் தவறாக எண்ணப்படலாம்; கட்டியில் விகாரங்கள் மிகுதி என்ற பொய்த்தோற்றமும் எழலாம். எங்களைப் போன்றவர்களின் மரபணுத்தொகை பெருமளவில் வாசிக்கப்படுவது கௌரவம் சார்ந்த கோரிக்கை அல்ல. ஒரு நோயாளியின் அறிக்கை சரியாக அமைவதற்கான தேவை.

தோட்டத்திலிருந்து சோதனை மேசை வரை

முற்றிய மெலனோமாவுக்கான சிகிச்சையை நாடி மலையகத்து நோயாளி கண்டி தேசிய வைத்தியசாலைக்கோ மகரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கோ போகவேண்டி வரலாம். அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். ஆனால் பஸ் செலவும், இழக்கும் நாட்சம்பளமும், உடன்செல்பவரின் நாளும் இலவசமல்ல. இந்தப் பயணங்களுக்கிடையே நோயாளியின் கடதாசிகள் சிதறிவிடுவது சாதாரணம்.

கடதாசிகளுள் நோயியல் அறிக்கை தனிக் கவனத்துக்குரியது. பிரெஸ்லோ தடிப்பு எவ்வளவு, புண்ணாகியிருந்ததா என்பவற்றோடு, அதன் மேற்பகுதியில் ஒரு மாதிரி இலக்கமும் ஆண்டும் இருக்கும். முதலில் சத்திரசிகிச்சை செய்த வைத்தியசாலையில் உள்ள பரஃபின் கட்டையைக் கண்டெடுப்பதற்கான வழி அந்த இலக்கமே. இரண்டு ஆண்டுகள் கழித்து நுரையீரலில் நோய் தோன்றும்போது, உள்ளுறுப்பிலிருந்து மீண்டும் துண்டெடுக்க இயலாத நிலையிலும், பழைய கட்டையிலிருந்து சாரதி விகாரத்தைத் தேடலாம். பிராஃபுக்காக மட்டும் அன்று சோதிக்கப்பட்ட கட்டையை, புதிய மருந்து வந்தபின் கிட்டுக்காகவோ இன்னும் பெயரிடப்படாத வேறொரு மரபணுவுக்காகவோ மறுபடியும் வாசிக்கலாம். அறிக்கையின் பிரதியொன்றை கிளினிக் புத்தகத்தோடு சேர்த்து வைத்திருப்பதும், அந்த இலக்கத்தைக் கொப்பியில் தனியாக எழுதிவைப்பதும், இடமாற்றும் வைத்தியரிடம் "கட்டை எங்கே இருக்கிறது?" என்று கேட்பதும் லயத்து வீட்டிலிருந்தும் செய்யக்கூடியவை.